பூண்டு சாஸ் கல்லாகிப்போன சனிக்கிழமை

1. முதல் நாள், முதல் மூட்டை

வளைகுடாவில் அந்த கிரில் ஹோட்டல் கிச்சனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் ஹம்சா இக்கா என் கையில் கரண்டியைத் தரவில்லை. ஒரு மூட்டைப் பூண்டைத் தந்தார். ஊரில் எல்லாரிடமும் 'குக்காகப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு, தக்கலையில் அளவெடுத்துத் தைத்த வெள்ளைக் கோட்டையும் பெட்டியில் வைத்து விமானம் ஏறியவன் நான்.

"எடோ எட்வினே, இது முழுவன் தொலிக்கணம். உச்சைக்கு முன்பு தீரணம்" என்றார்.

மலப்புறத்துக்காரர். அவர் பேச்சு எனக்குப் புரிந்தது. கேரள எல்லையை ஒட்டிய இரணியல்காரனுக்குப் பாதி மலையாளம் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடும். மத்தியானத்துக்குள் மூட்டை முழுவதையும் தோல் உரிக்க வேண்டும் என்பதும் புரிந்தது. ஆனால் நான் அதுவரை வீட்டில் ஒரு பூண்டுகூட உரித்ததில்லை.

மத்தியானம் ஆனபோது கால் மூட்டை முடிந்திருந்தது. பத்து விரலும் எரிந்தன. அதே கையால் கண்ணைத் துடைத்தேன். அவ்வளவுதான், கண்ணீர் தாரை தாரையாக. ஹம்சா இக்கா பார்த்தார். வீட்டு ஞாபகம் வந்து அழுகிறேன் என்று நினைத்து, தோளில் தட்டி ஒரு டீ வாங்கித் தந்தார். அது பூண்டுக் கண்ணீர் என்று நான் சொல்லவில்லை. டீ நன்றாக இருந்தது.

வெள்ளைக் கோட்டு நான்கு வருஷம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது வயிற்றுக்கு மேல் பட்டன் போட முடியவில்லை.

2. சாஸ் செக்ஷன்

பூண்டு உரிப்பதிலிருந்து பூண்டு அரைப்பதற்கு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதற்குப் பிறகு இருபது வருஷமும் அதே செக்ஷன்தான். கிரில் சிக்கனோடு சின்னக் கப்பில் வெள்ளையாக ஒன்று வைப்பார்களே, அதைச் செய்கிறவன் நான். ஊருக்கு லீவில் வரும்போது 'சாஸ் டிபார்ட்மென்ட் இன்சார்ஜ்' என்று சொல்லிக்கொள்வேன். டிபார்ட்மென்டில் நானும் ஒரு மிக்ஸரும் இருந்தோம். நான் சொன்னதை அது கேட்டது என்று சொல்ல முடியாது.

இளையவர்களுக்காகத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் எண்ணெயும் சேராது. அவற்றைச் சேர்த்துப் பிடித்து வைப்பதுதான் இந்த வேலை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்: முட்டை வெள்ளையோ, பாலோ, பூண்டு விழுதோ. எண்ணெயை நூல் போல விட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் பிரிந்துவிடும். சூடானாலும் பிரிந்துவிடும். கிச்சனில் இதை 'கட் ஆயிப்போச்சு' என்போம். எனக்கு முதல் வருஷத்தில் கட் ஆன சாஸைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குளம் வெட்டியிருக்கலாம்.

இன்னொன்று. பூண்டுப் பல்லை நெடுக்கில் கீறினால் நடுவில் பச்சையாக ஒரு முளை இருக்கும். அதை எடுத்து எறிய வேண்டும். எடுக்காவிட்டால் சாஸ் கசக்கும், சாப்பிட்டவர் பக்கத்தில் சாயங்காலம் வரை யாரும் உட்கார முடியாது.

3. நிற்பதா, போவதா

போன வருஷம் எனக்கு அந்த வேலை முடிந்தது. கட்டடம் இடித்தார்கள், எங்களையும் அனுப்பிவிட்டார்கள். இரணியலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சும்மா இருக்கும் வயசும் இல்லை, வசதியும் இல்லை. ஆனாலும் மனைவி சுகந்தியோடு ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று மாதம் இருந்தது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அடுக்களைப் பக்கம் நான் போகாத நேரங்களில் நிச்சயமாகப் பிடித்திருந்தது.

அப்போது ஹம்சா இக்கா போன் செய்தார். புதுக் கட்டடத்தில் கடை திறக்கிறார்கள், சாஸ் செக்ஷனுக்கு என்னைத்தான் கேட்கிறார்கள், விசா தயார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

சுகந்தியிடம் சொன்னேன். அவள் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இங்க ஒரு வேலை உண்டும்னா நில்லுங்க" என்றாள். "சும்மா நின்னு எனக்க அடுக்களையில குத்தம் சொல்லதுக்குன்னா போயிட்டு வாங்க."

"நான் எப்ப குத்தம் சொன்னேன்?"

"காலையில. புளிமுளக் கொழம்புக்கு டெம்பரேச்சர் போதாதுன்னு சொல்லல்லியா?"

சொல்லியிருந்தேன். ஆனால் எனக்குப் போக மனம் இல்லை. அவள் கையும் அந்த மீனைக் கொஞ்ச நேரம் கழுவாமல் சும்மா பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

4. முட்டத்தில் ஒரு வாய்ப்பு

முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஸ்டெல்லா என்ற பெண் பொரித்த மீனும் கிரில் சிக்கனும் போடும் கடை வைத்திருக்கிறாள். வீட்டுக்காரர் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். அவர் கொண்டுவரும் மீன், இவள் அடுப்பு. கடை எப்போதும் கூட்டம். தொட்டுக்கொள்ள மட்டும் வாளியில் வரும் ஒரு மயோனைஸ். அதைத் தொட்டுப் பார்த்தேன். பாயசத்துக்குத் தம்பி மாதிரி இனித்தது.

"நெய்மீனுக்கு இதையா குடுக்கிய? நான் வீட்டுல வச்சு நல்ல காரமா பூண்டு சாஸ் பண்ணித் தாறேன். தினமும்" என்றேன்.

"அண்ணனுக்கு அது செய்ய அறியாமா?"

"இருவத்தி ரெண்டு வருசம் எனக்கு அதாக்கும் வேலை."

ஸ்டெல்லா மீனைத் திருப்பிப் போட்டபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லு எல்லாருக்கும் உண்டும் அண்ணே. சனிக்கெழம மத்தியானம் கொண்டு வாங்க. ஆளுவ தொட்டுத் தின்னு பாக்கட்டும். கொள்ளாம், நல்லா இருக்குன்னா தெனமும் எடுத்துக்கிடுதேன். ஆனா முட்ட போடப்பிடாது. பச்ச முட்ட போட்டு விக்கதுன்னு ஆபீசர் வந்தா எனக்க அடுப்ப அணச்சிட்டுத்தான் போவாரு."

சனிக்கிழமை இது சரியானால் எனக்கு இங்கே தினமும் வேலை. ஞாயிறு சாயங்காலம் ஹம்சா இக்காவிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். சரியாகாவிட்டால் பெட்டியைத் தூசி தட்ட வேண்டியதுதான். முட்டத்திலிருந்து ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

5. நிபுணர் சமைக்கிறார்

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகந்தி சர்ச்சில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அடுக்களை என் கையில். காய்ச்சி ஆற வைத்துக் குளிர்ந்த பால் ஒரு கப். முளை நீக்கிய பூண்டு பன்னிரண்டு பல். காரத்துக்கு வளைகுடாவில் சிவப்பு மிளகாய்த்தூள் போடுவோம். நம் வீட்டில் கொல்லைப்பக்கம் காந்தாரி மிளகாய் காய்த்துக் கிடக்கும்போது அது எதற்கு? ஆறு காந்தாரி பறித்தேன். உருவத்தில் சின்னது, வாயில் வைத்தால் காதுக்குள் ரயில் ஓடும்.

அடுத்தது எண்ணெய். அலமாரியில் ஒரு சன்ஃப்ளவர் பாக்கெட் இருந்தது. கேக் செய்யச் சுகந்தி வாங்கியது. வளைகுடாவில் இருபது வருஷமும் டின் டின்னாக அதைத்தான் ஊற்றினேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் திடீரென்று ஊர்ப்பற்று பொங்கியது. நம் மாவட்டத்தில் மீன் பொரிப்பதும் தாளிப்பதும் முறுக்குச் சுடுவதும் தேங்காய் எண்ணெயில். நம் பிள்ளைகள் பிறந்ததும் உடம்பில் தேய்ப்பது அது. முட்டத்து மீனுக்கு வெளியூர் எண்ணெயா? மில்லில் ஆட்டிக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் குப்பியை எடுத்தேன்.

அரைத்தேன். நூல் போல விட்டேன். கடைசியில் எலுமிச்சை பிழிந்தேன். என்ன சொல்ல, கட்டியாக, வெள்ளையாக, கொஞ்சம் பச்சை கலந்து, தேங்காய் மணமும் பூண்டு மணமும் சேர்ந்து வந்தது. விரலால் தொட்டு நக்கினேன். காதுக்குள் ரயில் ஓடியது. 'எட்வினே, நீ பிறவிக் கலைஞன்' என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். பாத்திரங்களைக் கழுவாமல் வைத்தேன். கலைஞர்கள் கழுவ மாட்டார்கள்.

6. சனிக்கிழமை

மீன் கொண்டுபோகும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, அதற்குள் டப்பாவை வைத்துக் கட்டிக்கொண்டு முட்டம் போனேன். கடையில் நல்ல கூட்டம். தோவாளையிலிருந்து ஒரு பூ வியாபாரி குடும்பத்தோடு வந்திருந்தார். முதல் பிளேட் அவர்களுக்கு. ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டாள்.

கரண்டி இறங்கவில்லை.

அழுத்தினாள். 'டக்' என்று சத்தம் வந்தது. டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். வெள்ளைக் கல் ஒன்று பிளேட்டில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

பூ வியாபாரி அதைப் பார்த்தார். "இதென்னது அக்கா, பூண்டு சோப்பா?"

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். மோந்து பார்த்தாள். "அண்ணே, நெசமா சொல்லுங்க. இது தொட்டுத் திங்கதா, தலையில தேய்க்கதா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி இல்லாதபோது நான் எப்போதும் அதைத்தான் செய்வேன். "ஐஸ்ல இருந்ததுனாலயாக்கும். கொஞ்சம் எளகட்டும்" என்று சொல்லிவிட்டு, கல்லை ஒரு கிண்ணத்தில் போட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். அதுதான் அன்றைய இரண்டாவது முட்டாள்தனம். இளகியது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய், அடியில் திரிந்த பால். என் முதல் வருஷத்துக்கே திரும்பிப் போய்விட்டேன்.

ஸ்டெல்லா வாளி மயோனைஸை எடுத்துக் கப்பில் வைத்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைவிட இது வலித்தது.

கூட்டம் குறைந்ததும் வந்தாள். "நாளைக்கு ஞாயிறு. பூசயும் ஆராதனையும் முடிஞ்சு ஆளு எறங்கும். பன்னெண்டு மணிக்கு முந்தி இன்னும் ஒரு தடவ கொண்டு வாங்க. வாயில வச்சுப் பாத்தேன், மணம் கொள்ளாம். அதனாலதான் சொல்லுதேன். அதும் இப்பிடின்னா பெறவு என்னட்ட வரப்பிடாது. பாத்துக்கிடுங்க."

7. டிசம்பரில் எங்கே இருந்தீர்கள்

வீட்டுக்கு வந்து, மிக்ஸி பழையது, பால் சரியில்லை என்று ஆரம்பித்தேன். சுகந்தி டப்பாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"தேங்காண்ணயா ஊத்தினிய?"

"ஆமா. நம்ம ஊரு எண்ண."

"அத ஃபிரிட்ஜுலயும் வச்சிய?"

"சாஸ் ஃபிரிட்ஜுலதான் வைக்கணும். அது ரூலாக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மழக்காலம் முடிஞ்சு குளுர் வந்தா காலையில குப்பியில எண்ண உறஞ்சு கெடக்கும்லா? டிசம்பர் மாசம் நெதமும் வெயில்ல வச்சாக்கும் ஊத்துவேன். இந்த ஊருல சின்னப் புள்ளைக்கும் அறியாம். ஒங்களுக்கு ஓர்ம இல்லியா? டிசம்பர்ல நீங்க எங்க இருந்தியோ?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. டிசம்பர்தான் எங்கள் ஹோட்டலில் சீசன். லீவு கேட்டால் ஹம்சா இக்கா காலண்டரையே ஒளித்து வைப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் இருந்ததில்லை. கோடையில் வந்து, உருகிய எண்ணெயை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"மறந்து போச்சு" என்றேன். அன்று நான் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

அவள் அலமாரியைத் திறந்து சன்ஃப்ளவர் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "காலையில நானும் கூட நிக்கேன். ஒங்க ரூல எனக்குச் சொல்லுங்க. எனக்க ரூல நான் சொல்லுதேன்."

8. ஞாயிறு காலை

ஆராதனைக்கு முந்தைய முதல் மணி அடிக்கும்போது தொடங்கினோம். அவள் சொன்னாள், நான் கேட்டேன். மிக்ஸி ஜாரை முந்தின நாள் சாயங்காலமே ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். வீட்டு மிக்ஸி சீக்கிரம் சூடாகும், அதனால் ஐந்து எண்ணும்வரை ஓட்ட வேண்டும், பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும் என்றாள். காந்தாரியை முழுசாகப் போடாமல் உப்பும் வினிகரும் சேர்த்து அம்மியில் நசுக்கிக் கடைசியில் சேர்க்கச் சொன்னாள். அப்போதுதான் காரம் நாக்கில் நின்று பிறகு இறங்கும், நேராகக் காதுக்குப் போகாதாம்.

நான் எண்ணெய் விட்டேன். பாதி எண்ணெய் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் வாசலில் யாரோ கூப்பிட, நான் திரும்பிப் பார்க்க, கை சாய்ந்து ஒரு கால் கப் மொத்தமாக விழுந்தது. ஜாருக்குள் கட் ஆகிவிட்டது. மோர் மாதிரி, எண்ணெய் தனியாக.

சுகந்தியின் முகம் மாறியது. "போச்சா?"

இந்த ஒரு இடத்தில்தான் என் இருபத்திரண்டு வருஷம் உதவியது. "போவல்ல. ஜார மட்டும் கழுவித் தா" என்றேன். கட் ஆனதை ஒரு பாத்திரத்தில் கொட்டினேன். சுத்தமான குளிர்ந்த ஜாரில் நாலு ஸ்பூன் குளிர்ந்த பால், இரண்டு பல் பூண்டு மட்டும் போட்டு அரைத்தேன். பிறகு அந்த மோரையே எண்ணெய் மாதிரி நினைத்து நூல் போல விட்டேன். ஐந்து எண்ணினேன், நிறுத்தினேன். மறுபடி விட்டேன். மூன்றாவது சுற்றில் மிக்ஸியின் சத்தம் கனத்தது. கட்டியாகும்போது அந்தச் சத்தம் வரும், பார்க்கவே வேண்டாம். மூடியைத் திறந்தோம். விழுது ஜாரின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக நின்றது. மீதி எண்ணெயையும் அதே மாதிரி விட்டு முடித்தேன். நசுக்கிய காந்தாரியைச் சேர்த்துக் கரண்டியால் கலக்கினாள். ஒரு கரண்டியை ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். மெதுவாக, சோம்பேறி மாதிரி வழிந்தது.

"ஒங்கள மாதிரியே எறங்குது" என்றாள்.

அளவு கேட்பவர்களுக்கு: பால் ஒரு கப், சன்ஃப்ளவர் எண்ணெய் இரண்டு கப், பூண்டு பன்னிரண்டு பல், காந்தாரி ஆறு, உப்பு ஒரு டீஸ்பூன், வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன். பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த எதையும் வெளியே வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் கொட்டிவிட வேண்டும். கட் ஆனால் மேலே சொன்னதைச் செய்யுங்கள். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

9. பன்னிரண்டுக்கு முன்பு

இருவரும் ஸ்கூட்டரில் போனோம். டப்பாவைச் சுகந்தி மடியில் வைத்திருந்தாள். ஸ்டெல்லா டப்பாவை வாங்கியதும் முதலில் கவிழ்த்துப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு மீனைத் தொட்டு வாயில் போட்டாள். இன்னொரு துண்டு. அதன் பிறகு அடுப்புக்குப் போய்விட்டாள்.

கப் கப்பாக மேசைகளுக்குப் போனது. நான் சுவரோரம் நின்று ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். ஒரு பெரியவர் தும்மினார். என் உயிர் போய்த் திரும்பியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மக்கா, அந்த வெள்ளச் சம்மந்தி கொறச்சு கூட தா" என்று, எங்கள் ஊர்த் துவையலின் பெயரைச் சொல்லிக் கப்பை நீட்டினார். ஒரு மணிக்கு ஸ்டெல்லா காலி டப்பாவோடு வந்தாள். ஓரத்தில் ஒட்டியதைக்கூட யாரோ சப்பாத்தியால் வழித்திருந்தார்கள்.

"நாளையில இருந்து ரெண்டு டப்பா" என்றாள். சுகந்தியைப் பார்த்துச் சொன்னாள், என்னைப் பார்த்து இல்லை.

அங்கேயே பாறைப் பக்கம் போய் ஹம்சா இக்காவுக்குப் போன் செய்தேன். வரவில்லை என்றேன். எதிர்முனையில் மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. "அவிடெ எந்தா பணி?" என்றார். இங்கேயும் அதே வேலைதான் என்றேன்.

இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம் கழித்து நான் கற்றது இவ்வளவுதான். கை படித்த வேலையை வேறு இடத்தில் செய்யும்போது, அந்த இடத்தில் ஏற்கெனவே அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவரை முதலில் கேட்க வேண்டும். அவருக்கு அங்கத்திய வெயிலும் குளிரும் தெரியும், நமக்குத் தெரியாது. என் விஷயத்தில் அவர் என் வீட்டிலேயே இருந்தார்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு நிபந்தனை சொன்னாள். "அண்ணே, தெனமும் பதினோரு மணிக்கு இங்க இருக்கணும். நல்ல நாளு, பெருநாளுன்னு லீவு கேக்கப்பிடாது."

"லீவா?" என்றேன். "இத்தன வருசமும் லீவு எடுத்தாக்கும் நான் வீட்டுக்கு வந்தேன். இனி லீவு எடுத்து எங்க போக?"

சுகந்தி ஸ்கூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள். காந்தாரி பட்ட கை என்றாள். நான் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.